மூன்றாவது படி

ஹெட்டி பியாலாவின் சமையலறையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மஞ்சள் பிளாஸ்டிக் பலகை ஒன்று நிற்கிறது. ‘கவனம், தரை ஈரம்’ என்று எழுதி, இரண்டு காலும் ஆகாயத்தைப் பார்க்க ஒரு மனிதன் வழுக்கி விழுகிற படம் போட்ட பலகை. பஃபலோ நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தொன்பது வருடம் தரை துடைத்து அவள் ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் கொடுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் கைக்கடிகாரம் கொடுப்பார்கள். ஹெட்டிக்கு இது. பின்பக்கத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விளையாட்டாகத்தான் கொடுத்தார்கள். ஹெட்டி விளையாட்டாக வாங்கவில்லை. போப்பாண்டவர் கையால் பதக்கம் வாங்கினவள் மாதிரி மார்போடு அணைத்துக் கொண்டுவந்து, காலமான கணவர் கேசிமிரின் படத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

அந்த இருபத்தொன்பது வருடத்தில் அவள் துடைத்த தரையில் ஒரு குழந்தைகூட வழுக்கி விழுந்ததில்லை. ஒரே ஒரு பையன் விழுந்தான். அது ஷூ கயிறு கட்டாமல் ஓடியதால் என்று அவளே அங்கே நின்றவர்களைச் சாட்சிக்கு அழைத்து, அன்றே எழுதி வாங்கி வைத்துவிட்டாள். அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. வழியில் பார்த்தால் இன்றைக்கும் அவன் காலைத்தான் முதலில் பார்ப்பாள்.

விழுவது என்றால் அவளுக்கு ஏன் இவ்வளவு பயம் என்பதற்குக் காரணம் உண்டு. ஹெட்டிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எஃகு ஆலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்த தரையில் அவள் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தார். வீட்டுக்கு வந்த கம்பெனி ஆள் முதலில் பார்த்தது அப்பாவின் இடுப்பை அல்ல. கதவோரம் கிடந்த பூட்ஸை எடுத்துத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பார்த்தான். தேய்ந்திருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டான். அப்பா அப்புறம் நேராக நடக்கவே இல்லை. அந்த ஆள் பூட்ஸைத் திருப்பிய விதம் ஹெட்டியின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆகவே எங்கள் தெருவில் அவள் படிக்கட்டுக்குத் தனி மரியாதை. பனிக்காலத்தில் மற்றவர்கள் காபி குடிப்பதற்குள் அவள் மண்வாரியை எடுத்துவிடுவாள். ஐந்து படிகளும் சுரண்டி, பெருக்கி, உப்புத் தூவி, ஜூலை மாதத்தில் இருப்பதுபோல இருக்கும். போகிறபோக்கில் அக்கம்பக்கத்தாருக்கும் பாடம் நடக்கும். “வெந்நீர் ஊத்தாதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க. இப்ப உருகும், அஞ்சு நிமிஷத்துல கண்ணாடியா நிக்கும்” என்று தெருவுக்கே முப்பது வருடமாகச் சொல்லிவந்தவள் அவள்தான். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டு டெல்ஃபின் ஸ்ரோகா இதற்கெல்லாம் நேரெதிர். ஹெட்டியைவிட ஆறு வயது சின்னவள், அறுபத்திரண்டு. அடுமனையில் நாள் முழுக்க நின்றுகொண்டு ரொட்டி விற்பாள், ஞாயிற்றுக்கிழமை போலந்துக்காரர் சங்கக் கூடத்தில் அக்கார்டியன் வாசித்தால் அதே காலால் மூன்று மணி நேரம் போல்கா நடனம் ஆடுவாள். அவள் வீட்டுப் படியில் ஏறப் பயந்து தபால்காரர் கடிதங்களை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே வீசுவார். எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போகாதவள். அவள் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். இந்த இரண்டு பேரும் முப்பது வருடமாக எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவில் யாருக்கும் புரியவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை, அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை.

தவக்காலம் வந்தால் புதன்கிழமைதோறும் இருவரும் ஹெட்டியின் அடுப்படியில் பைரோகிக் கொழுக்கட்டை செய்வார்கள். வெள்ளிக்கிழமை கோயில் கூடத்தில் விற்பதற்கு. மாவைத் தேய்த்து வட்டமாக வெட்டுவது ஹெட்டி. பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் பிசைந்து பூரணம் கொண்டுவருவது டெல்ஃபின். மடித்து, ஓரத்தைக் கிள்ளி, கொதிநீரில் போடுவது மறுபடி ஹெட்டி. டெல்ஃபின் கிள்ளினால் வெடித்துவிடும் என்று அவளைக் கிள்ள விடுவதில்லை.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். விடிந்ததிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு டெல்ஃபின் கொடுத்து மீந்திருந்த பழைய பூரணத்தில் ஹெட்டி முதல் ஈடு எடுத்துவிட்டாள். படிக்கட்டைச் சுத்தம் செய்யப் போனபோது மூன்றாவது படியில் ஓர் உள்ளங்கையகலத்துக்குப் பனி இறுகிக் கல்லாகியிருந்தது. மண்வாரிக்கு மசியவில்லை. உப்பு மூட்டையை உதறினாள், ஒரு பிடிகூடத் தேறவில்லை. உள்ளே வந்தாள். அடுப்பில் பைரோகி வெந்த தண்ணீர் ஒரு பானை, மாவு கரைந்து வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கழுவுதொட்டி நிறைய மாவுப் பாத்திரங்கள், அங்கே கொட்ட இடமில்லை.

என்ன நினைத்தாளோ. ஒரு நிமிஷம்தானே, உடனே துடைப்பத்தால் தள்ளிவிட்டு மேலே சாம்பலைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருப்பாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூன்றாவது படியில் ஊற்றினாள். கல்லாயிருந்த பனி ‘உஸ்’ஸென்று உருகியது. ஹெட்டிக்குத் திருப்தி. துடைப்பத்தை எடுக்க உள்ளே வந்தவளை, அடுத்த ஈட்டுக்கு வைத்திருந்த பானை பொங்கி வழிந்து பிடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்தாள், துடைத்தாள். அடுப்பைச் சுத்தமாகத் துடைக்காமல் அவளால் நகர முடியாது.

டெல்ஃபின் தன் ஆயுளில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்தது அன்றைக்குத்தான்.

சத்தம் கேட்டு ஹெட்டி ஓடினாள். டெல்ஃபின் படிக்குக் கீழே பனியில் மல்லாந்து கிடந்தாள், நெற்றியில் பாதிரியார் இட்ட சாம்பல், சுற்றிலும் பாலாடைக்கட்டி. வலது பாதம் பார்க்க வேண்டிய பக்கம் பார்க்கவில்லை.

“கட்டியெல்லாம் போச்சேடி” என்றாள் டெல்ஃபின்.

“கட்டியை விடு. அசையாத. அசையாதன்னா அசையாத.”

“ஏண்டி கத்துற. விழுந்தது நானு.”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பனி மூன்றாவது படியை மூடிவிட்டது. அதற்கு முன்னால் அது பளபளத்ததை ஹெட்டி ஒருத்திதான் பார்த்தாள். தபால்காரர் வந்து நின்று தலையை ஆட்டினார். “உங்க படியிலயே ஒருத்தர் விழறாங்கன்னா, பனி அவ்வளவு மோசமா இருக்குன்னு அர்த்தம், மிஸஸ் பியாலா. வேற யார் வீடா இருந்தாலும் வீட்டுக்காரங்களச் சொல்லலாம்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் யார்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஹெட்டி வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடியது மூடியதுதான்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குள் தகடும் ஏழு திருகாணியும் வைத்தார்கள். ஹெட்டி தினமும் போனாள். சூப் கொண்டுபோனாள், தலை வாரிவிட்டாள், அந்த அறையின் தரையை யார் துடைக்கிறார்கள் என்று விசாரித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டும் வந்தாள். மூலையில் தொங்கிய டெல்ஃபினின் கோட்டை எடுத்தாள்.

“குடு, தோய்ச்சுக் கொண்டாறேன்.”

“வேணாம். அப்படியே தொங்கட்டும்.”

“பின்னாடியெல்லாம் அழுக்குடி.”

“என் கோட்டு, என் அழுக்கு. வெச்சுட்டுப் போ.”

இத்தனை வருடத்தில் டெல்ஃபின் துவைக்க வேண்டாம் என்று சொன்ன முதல் துணி அது. ஹெட்டிக்குச் சற்று விசித்திரமாக இருந்தது, ஆனால் வேறு யோசனைகளில் மறந்துபோனாள்.

ஈஸ்டர் முடிந்தபின் வந்தது உண்மையான வினை. டெல்ஃபினின் மருத்துவ இன்ஷூரன்ஸ்காரர்கள், பிசியோதெரபிக்கு இருபது தடவை போகலாம், அதற்குமேல் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். இருபது முடிந்தபோது டெல்ஃபின் தடியை ஊன்றி அடுப்படிவரை வருவாள், அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் விடாமல் பயிற்சி கொடுத்தால் பழையபடி நிற்கலாம், ஆடக்கூடச் செய்யலாம், விட்டுவிட்டால் இப்படியே இறுகிப்போகும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். நிற்க முடியாதவளுக்கு அடுமனையில் என்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அக்கார்டியன் தொடங்கியதும் அவளுடைய நல்ல கால் மட்டும் தாளம் போட்டது. ஹெட்டி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துபோய்க் கூடத்துச் சமையலறையில் யாரோ கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

மறுநாள் டெல்ஃபின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

“டெல்ஃபின், என் மேல கேஸ் போடு.”

டெல்ஃபின் ரேடியோவைக் குறைத்தாள். “என்ன போட?”

“கேஸு. என் படியில விழுந்த. என் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. முப்பத்தேழு வருஷமாக் கட்டறேன், ஒரு ஓட்டை ஜன்னலுக்குக்கூட அவங்கள நான் கேட்டதில்ல. இப்பக் குடுக்கட்டும்.”

“நீ போய் ஒரு காப்பி குடி. உனக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சு.”

“பஃபலோவுல ஏதுடி வெயிலு. பேருதான் என் மேல போடணும். குடுக்கறது அவங்க. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. பெத்த அம்மா மேலயே போடறாங்க, போட்டுட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க.”

“அது உன் தப்பு இல்ல ஹெட்டி” என்றாள் டெல்ஃபின், அவள் முகத்தைப் பார்க்காமல். “பனி. வழுக்குச்சு. விழுந்தேன். முடிஞ்சுபோச்சு.”

ஹெட்டி ரேடியோவின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் நடந்துவிடும் என்று நம்பினாள். மூன்று வாரம் நச்சரித்தாள். கடைசியில் தானே காரில் ஏற்றிக்கொண்டு, நகரத்துப் பேருந்துகளின் முதுகிலெல்லாம் விளம்பரப் படமாகச் சிரித்துக்கொண்டு போகும் டோபின் என்ற வக்கீலிடம் டெல்ஃபினைக் கொண்டுபோய் விட்டாள். யார் மேல் வழக்கு என்று டோபின் கேட்டபோது, “இவங்க மேல” என்று டெல்ஃபின் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஹெட்டி கையை நீட்டி வணக்கம் சொன்னாள். பேருந்து முதுகில் ஒரு நாளும் குறையாத அந்தச் சிரிப்பு அப்போது கொஞ்சம் குறைந்தது.

ஹெட்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பங்குக்கு கிரேவ்ஸ் என்று ஒரு வக்கீலை அவளுக்காக அனுப்பியது. நல்ல துணியில் கோட்டு, மெல்லிய குரல். வந்தவுடன் சட்டம் போட்டார்.

“நீங்க இனிமே மிஸஸ் ஸ்ரோகாகிட்ட விபத்தைப் பத்திப் பேசக் கூடாது. ‘மன்னிச்சுக்கோ’ங்கற வார்த்தை வாயில வரவே கூடாது. சாப்பாடு எதுவும் குடுத்தனுப்பாதீங்க.”

“சூப்பு?”

“சூப்பும்தான். தப்பு பண்ணினவங்க குடுக்கற மாதிரி ஆயிடும்.”

“நான் முப்பது வருஷமாக் குடுக்கறேன். அப்ப முப்பது வருஷமாத் தப்பு பண்றேனா?”

கிரேவ்ஸ் அதை எழுதிக்கொள்ளவில்லை. அதன்பிறகு எதிர்வீட்டு வாசலில் வாரம் இரண்டு நாள் ஒரு மூடிய பாத்திரம் தானாக முளைத்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலிப் பாத்திரம் திரும்பி வந்து ஹெட்டியின் வாசலில் முளைக்கும், சரியாகக் கழுவாமல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில்தான். பாதிரியார் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றதும் திரும்பிக் கைகொடுத்து, “சமாதானம் உன்னோட இருக்கட்டும்” என்பார்கள். வக்கீல் தடுக்க முடியாத ஒரே பேச்சு அதுதான் என்பதால் மற்றவர்களைவிட நீளமாகவே சொல்லிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் கிரேவ்ஸ் உற்சாகமாக வந்தார். “ஒண்ணும் கவலைப்படாதீங்க. இந்தக் கேஸ் நிக்காது. அன்னிக்கிப் பனி கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. கொட்டற நேரத்துல விழுந்தா வீட்டுக்காரங்க பொறுப்பில்ல. கொட்டி முடிஞ்சப்புறம் சுத்தம் பண்ணலன்னாத்தான் பொறுப்பு.”

“அப்படின்னா அவளுக்கு ஒண்ணும் கிடைக்காதா?”

“வானத்துலேருந்து விழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. நீங்களா எதையாவது செஞ்சு மோசமாக்கியிருந்தாத்தான் சிக்கல். உங்க சரித்திரத்துக்கு அப்படிக் கேக்கறதே பாவம்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “இன்னொண்ணு. அந்தம்மா அன்னிக்குப் போட்டிருந்த பூட்ஸை வரவழைச்சுப் பார்த்தேன். அடிப்பாகம் தேஞ்சிருக்கு. அது நமக்கு நல்லது.”

சொல்லிக்கொண்டே அவர் கையை ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினார், பூட்ஸைத் திருப்பியதுபோல. ஹெட்டி அந்தக் கையையே பார்த்தாள். அன்றைக்குக் காபி வேண்டுமா என்று அவரை அவள் கேட்கவில்லை.

அவர் போனபின் வெகுநேரம் மஞ்சள் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் டெல்ஃபினின் கால். இன்னொரு பக்கம் அவள் பேர். வெந்நீர் ஊற்றாதே என்று தெருவுக்கே சொன்னவள், தெருவிலேயே முதல் ஆளாக ஊற்றினாள் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பிறகு தபால்காரர் என்ன சொல்வார், பள்ளிக்கூடத்து ஆட்கள் என்ன சொல்வார்கள், அந்த ஷூ கயிற்றுப் பையன் என்ன சொல்வான். அந்தக் கடைசி ஆளை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே வியர்த்தது.

அக்டோபரில், வழக்கு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பாக, நகரத்தில் ஓர் ஆபீஸின் பதினொன்றாவது மாடியில் வாக்குமூலம் எடுக்க நாள் வைத்தார்கள். டெல்ஃபின் வலது காலால் கார் ஓட்ட முடியாது, பேருந்தில் ஏற முடியாது. ஆகவே வாதியைப் பிரதிவாதியே காரில் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பேசவில்லை. லிஃப்டில் மட்டும் டெல்ஃபின், “உன் காலர் மடிஞ்சிருக்கு” என்று சரிசெய்துவிட்டாள். கதவு திறந்தபோது வெளியே நின்ற இரண்டு வக்கீல்களும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஞாபகம் இருக்கட்டும். கேட்டதுக்கு மட்டும் பதில். ஆமாம், இல்ல, ஞாபகமில்ல. ஒரு வார்த்தை கூட வேணாம்” என்று கிரேவ்ஸ் காதில் சொன்னார்.

நீளமான மேஜை. ஒரு முனையில் பேசுவதையெல்லாம் தட்டிக்கொள்ள ஒரு பெண். ஹெட்டி கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். எதிரே டெல்ஃபின், மடியில் அவளுடைய பை. டோபினுக்கு இந்த வழக்கில் பசை இல்லை என்று ஏற்கனவே தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடும் அவசரத்தில் கேட்டார்.

“அன்னிக்குக் காலைல பனி பெஞ்சுதா?”

“ஆமாம்.”

“விபத்து நடக்கறப்பவும் பெஞ்சுக்கிட்டு இருந்துதா?”

“ஆமாம்.”

“படியைச் சுத்தம் பண்ணினீங்களா?”

“ஆமாம்.”

“உப்புப் போட்டீங்களா?”

“முந்தின நாள் போட்டேன். அன்னிக்குக் காலைல தீர்ந்துபோச்சு.”

“கைப்பிடி சரியா இருந்துதா?”

“ஆமாம்.”

கிரேவ்ஸ் புன்னகையோடு பேனாவை மூடினார். டோபின் காகிதங்களை அடுக்கினார். “என் கேள்விகள் அவ்வளவுதான்” என்றார். தட்டிக்கொண்டிருந்த பெண் விரல்களை நீட்டிச் சொடுக்கெடுத்தாள். மேஜைக்கு அடியில் டெல்ஃபின் வலது ஷூவைக் கழற்றிவிட்டு, வீங்கிய கணுக்காலை இடது பாதத்தால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று காட்டாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தேய்த்தாள்.

“மிஸ்டர் டோபின், நீங்க சரியாக் கேக்கல” என்றாள் ஹெட்டி.

“மிஸஸ் பியாலா” என்றார் கிரேவ்ஸ்.

“ஒரு மூலையை விட்டுட்டீங்க. இப்படித் தரை தொடைச்சா உங்கள நான் ஒரு வாரம் வேலைக்கு வெச்சிருக்க மாட்டேன். படியில என்ன ஊத்தினேன்னு என்னைக் கேளுங்க.”

கிரேவ்ஸ் அவள் சட்டைக்கையைப் பிடித்தார். டெல்ஃபின் திடீரென்று நிமிர்ந்தாள். “ஹெட்டி, வாயை மூடு.”

தட்டிக்கொண்டிருந்த பெண் அதையும் தட்டினாள். டோபின் உட்கார்ந்தபடியே குனிந்தார், பேருந்து முதுகுச் சிரிப்பு முழுசாக மறைந்துவிட்டது. “படியில என்ன ஊத்தினீங்க?”

“வேணாம்டி. முட்டாள், வேணாம்” என்றாள் டெல்ஃபின்.

“பைரோகி வெந்த தண்ணி. ஒரு பானை. கொதிக்கக் கொதிக்க மூணாவது படியில ஊத்தினேன். உறையும்னு எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல என்னைவிட நல்லா யாருக்கும் தெரியாது. உடனே தள்ளிவிடணும்னு நெனச்சேன், அடுப்பைத் தொடைக்கப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள இவ வந்து விழுந்துட்டா. என் வீட்டுல ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கு, மஞ்சள் கலர்ல. அதை வாசல்ல வெச்சிருக்கலாம். வெக்கல. இவ பூட்ஸுல ஒண்ணுமில்ல. பூட்ஸைப் பத்தி இனிமே யாரும் பேசக் கூடாது. எழுதிக்கிட்டீங்களாம்மா?”

“எழுதிட்டேன்” என்றாள் அந்தப் பெண். பேசுவது அவள் வேலை இல்லை, ஆனால் அன்றைக்குப் பேசினாள்.

கிரேவ்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க ஹெட்டிக்கே பாவமாக இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் காரில் ஏறியபின் ஹெட்டி சாவியைப் போடவில்லை.

“உனக்குத் தெரியும்” என்றாள் ஹெட்டி. “வாயை மூடுன்னு சொன்னியே. நான் என்ன சொல்லப்போறேன்னு தெரிஞ்சாத்தான் அப்படிச் சொல்ல முடியும்.”

டெல்ஃபின் பையைத் திறந்தாள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. உள்ளே காய்ந்து கல்லாகிப்போன மாவுத் துண்டு ஒன்று, விரல்நுனி அளவு. ஓரத்தில் வரிசையாகக் கிள்ளிய தடம்.

“ஆஸ்பத்திரியில கோட்டைக் கழட்டினப்பவே பார்த்தேன். பின்பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துது, வெந்த மாவு. இப்படிப் பொடிசாக் கிள்ளறது இந்த ஊர்ல வேற யாரு.”

“எட்டு மாசமா வெச்சிருக்கியா?”

“ம்.”

“அப்ப ஏண்டி சொல்லல? உன் வக்கீல்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கால் போகுதுன்னு தெரியும்ல உனக்கு. ஆட முடியாதுன்னு தெரியும்ல.”

டெல்ஃபின் தோளைக் குலுக்கினாள். “எனக்குக் கால் ரெண்டு இருக்கு. உனக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்.”

ஹெட்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கேசிமிர் போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை. எட்டு மாதம் தன் பேரைத் தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். ஒற்றைக் காலில் நின்று அதைக் காப்பாற்றியவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ‘மன்னிச்சுக்கோ’ என்றாள். கிரேவ்ஸ் தடைசெய்த வார்த்தை. எட்டு மாதத்துக்கும் சேர்த்து ஏழெட்டு முறை சொன்னாள்.

“சரி சரி, போதும். வண்டியை எடு, பசிக்குது” என்றாள் டெல்ஃபின். பிறகு உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. ஓரம் மட்டும் தனியாப் பிஞ்சு தண்ணியில மிதந்திருக்குன்னா, அன்னிக்கு உன் பைரோகி வெடிச்சிருக்கு.”

ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தண்ணி ஊத்தினேன், ஒத்துக்கறேன். பலகை வெக்கல, ஒத்துக்கறேன். என் பைரோகி வெடிக்காது.”

“இதைக் கொண்டுபோய் டோபின்கிட்டக் குடுக்கட்டுமா?”

“பழைய பூரணம் அது. நீ பிசைஞ்சது. தண்ணி அதிகம்.”

வீடு வரைக்கும் அந்தச் சண்டைதான்.

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. ஹெட்டியின் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு மாதத்தில் இறங்கி வந்து பணம் கொடுத்தார்கள். டெல்ஃபினுக்குப் பயிற்சி மறுபடி தொடங்கியது, வேண்டிய மட்டும். ஹெட்டியை அந்தக் கம்பெனி மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கழற்றிவிட்டது. தெருவில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். ஷூ கயிற்றுப் பையன் வீடு தேடி வந்து, குனிந்து தன் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டிவிட்டுப் போனான். அதற்காகத்தான் அவள் அவ்வளவு பயந்தாள். நடந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த சாம்பல் புதனன்றும் பனி கொட்டியது. டெல்ஃபின் தடி இல்லாமல் தெருவைக் கடந்து வந்தாள், வழக்கம்போல அரை மணி நேரம் தாமதமாக. மூன்றாவது படியில் மஞ்சள் பலகை நின்றது. படியில் ஒரு பொட்டுப் பனி இல்லை, உப்பு வெள்ளையாகக் கிடந்தது. அவள் பூரணப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள், பையிலிருந்து ஒரு தடித்த பேனாவை எடுத்தாள், பலகையைத் திருப்பினாள். ஆசிரியர்களின் கையெழுத்துகளுக்குக் கீழே மீதியிருந்த இடத்தில் ‘டெல்ஃபின் ஸ்ரோகா, விழுந்தவள்’ என்று எழுதிவிட்டு உள்ளே போனாள்.

மாலையில் பலகையை உள்ளே கொண்டுவந்த ஹெட்டி அதைப் பார்த்தாள். ஈரத் துணியை எடுத்தாள். பலகை முழுவதையும் துடைத்தாள், அந்த ஒரு வரியைச் சுற்றிக் கவனமாக.